தள்ளு சுவிட்ச்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டிதான் இந்த புளூடூத் அடாப்டர். பக்கவாட்டில் ஒரு தள்ளு சுவிட்ச். ‘டிஎக்ஸ்’ பக்கம் தள்ளினால் டி.வி.யின் ஒலியை ஹெட்போனுக்கு அனுப்பும். ‘ஆர்எக்ஸ்’ பக்கம் தள்ளினால் போனில் ஓடும் பாட்டை வாங்கி, அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். என் ரசனையெல்லாம் அந்தச் சுவிட்சின் மேல்தான்.

முதல் நாள் சத்தமே வரவில்லை. டி.வி.யின் ஆப்டிகல் துளை வழியே, இந்தப் பெட்டிக்குப் புரியாத டால்பி ஒலி போய்க்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் ‘பிசிஎம்’ என்று மாற்றியதும் உயிர் வந்தது.

அடுத்த வம்பு, தாமதம். புளூடூத்தின் சாதாரண ஒலிச்சுருக்க முறையான எஸ்பிசியில் ஒலி ஏறக்குறைய 0.2 விநாடி பிந்தும். நள்ளிரவு கிரிக்கெட்டில் பந்து மட்டையை விட்டுக் கிளம்பிய பிறகு ‘டொக்’ என்று கேட்கும். பாட்டுக்கு இது பொருட்டில்லை. வசனத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறை இருந்தால் தாமதம் 40 மில்லி விநாடிக்குக் குறையும், கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் அடாப்டர், ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். (கடையில் இதை யாரும் சொல்வதில்லை.)

ஞாயிற்றுக்கிழமை காலை சுவிட்ச் ஆர்எக்ஸ் பக்கம் போகும். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின்கள் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஏறும். நீல விளக்கு சிமிட்டி நிற்கும். முப்பது வருட ஸ்பீக்கர் லேசாக இருமிவிட்டு, நாதஸ்வரத்தை எடுக்கும்.