அமாலின் குரலும் லைலாவின் மௌனமும்

மெல்பேர்னிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் திரும்பிப் போகும்போது எங்கள் வீட்டில் விட்டுச் சென்ற பொருட்களுள் ஓர் ஆங்கில நாவலும் இருந்தது. ரண்டா அப்தெல் பத்தாஹ் எழுதிய ‘டஸ் மை ஹெட் லுக் பிக் இன் திஸ்?’ 2005 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் வெளிவந்தது. தமிழில் சொன்னால் ‘இதில் என் தலை பெரிதாகத் தெரிகிறதா?’ உடுப்புக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலப் பெண்கள் தம் பின்புறத்தைப் பற்றிக் கேட்கும் பிரசித்தமான கேள்வியைத் தலைக்கு மாற்றி வைத்த பகிடி அது. அந்தப் பகிடி விளங்கவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. தமிழ் படிப்பிக்கும் கிராமத்து வாத்தியார் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் வாசித்தால் அப்படித்தான். ஆனால் ஐம்பது பக்கம் தாண்டியதும் அகராதியை மூடிவிட்டேன்.

நாவலாசிரியை பலஸ்தீன, எகிப்திய வேர்களைக் கொண்டவர். சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தவர். கதை சொல்லும் அமாலும் பலஸ்தீனக் குடும்பத்துப் பிள்ளை. அவுஸ்திரேலியாவில் பிறந்தவள், வயது பதினாறு. பத்தாம் ஆண்டு வரை முஸ்லிம் பாடசாலை ஒன்றில் படித்துவிட்டு, பதினோராம் ஆண்டுக்கு மெல்பேர்னின் வசதி படைத்தோர் படிக்கும் தனியார் பாடசாலையொன்றில் சேர்ந்திருக்கிறாள். ஒருநாள் உடற்பயிற்சி இயந்திரத்தில் ஓடிக்கொண்டே அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்க்கிறாள். அதில் ஒரு பெண், கேவலமான உடுப்புடன், ஊரே சிரிக்க, ஒரு கலியாண மண்டபத்தில் நின்று பாடுகிறாள். அவளால் முடியுமென்றால் என்னால் ஏன் முடியாது? இனி முழுநேரமும் ஹிஜாப் அணிவது என்று அமால் முடிவெடுக்கிறாள். ஒரு தீனியாத் தீர்மானத்துக்கு இப்படியொரு தோற்றுவாயை நம்மவர் எவரும் எழுதத் துணியார். பயான் கேட்டு அழுத பிறகுதான் நமது கதைகளில் பெண்கள் முக்காடு போடுவார்கள்.

இந்த நாவலை நம்மவர் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஹிஜாபின் சிறப்பை ஆங்கிலத்தில் எடுத்துரைத்த நாவல் என்று ஒரு சாரார் மெச்சுகின்றனர். மார்க்கப் பிரசாரத்துக்கு இளமைச் சாயம் பூசிய நாவல் என்று மற்றொரு சாரார் தள்ளுகின்றனர். இரு சாராருமே துணியைப் பார்க்கிறார்கள் என்பது எனது அபிப்பிராயம். அமால் முன்பு படித்த பாடசாலையில் ஹிஜாப் சீருடையின் ஒரு பகுதி. எங்கள் பாடசாலையிலும் அப்படித்தான். முதலாம் தரத்திலிருந்து வெள்ளைப் பர்தா. சீருடையாக அணிந்த காலத்தில் அது அவளுடையதாக இருக்கவில்லை. யாரும் கேட்காத இடத்தில், கேட்டால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய பெற்றோருக்கு முன்னால் அணிந்தபோதுதான் அவளுடையதானது. உண்மையில் அவளது வாப்பாவும் உம்மாவும் முதலில் அஞ்சுகிறார்கள். பிள்ளை இந்தச் சமூகத்தில் தாக்குப்பிடிப்பாளா என்று கவலைப்படுகிறார்கள். தன் அரபுப் பெயரை மறைத்து ‘ஜோ’ ஆகிவிட்ட உறவினர் ஒருவரும் நாவலில் வருகிறார். அவர் வரும் காட்சிகளில் சிரித்துக்கொண்டே எனக்கு நெஞ்சு சுருக்கென்றது.

ஆயினும், ஹிஜாப் அணிந்த அன்றே அமாலுக்குக் குரல் கிடைத்துவிடவில்லை. வகுப்பில் எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள், அடம் என்ற பையன் என்ன நினைப்பான் என்ற கணக்கிலேயே நாவலின் முதற்பாதி கழிகிறது. அந்தப் பகுதி கொஞ்சம் நீளம் என்றும் சொல்ல வேண்டும். அவளது குரல் முதன்முதலாகக் கேட்பது 2002 ஒக்டோபர் 12 பாலித் தீவுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு. இருநூற்றிரண்டு பேர் மாண்டனர். அவர்களுள் எண்பத்தெட்டுப் பேர் அவுஸ்திரேலியர். பாடசாலையில் இஸ்லாமும் பயங்கரவாதமும் பற்றிப் பேச வருமாறு மாணவத் தலைவி அவளைக் கேட்கிறாள். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறாள். அமால் மறுக்கிறாள். கிறிஸ்தவத்தின் பேரால் கொலை செய்தோர் பற்றி நீ மேடையேறி விளக்கம் கொடுப்பாயா என்பது அவள் திருப்பிக் கேட்பதன் சாரம். பேச மறுப்பதன் மூலம் ஒரு பெண் பேசக் கற்றுக்கொள்கிறாள். நாவலின் மிகச் சிறந்த இடம் இதுவே.

இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு, வெளியூரில் நடந்த ஆசிரியர் செயலமர்வொன்றில், பக்கத்துக் கதிரையில் இருந்தவர் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மிகத் தன்மையாகவே என்னிடம் கேட்டார்: “சேர், உங்கட ஆக்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறாங்க?” என் ஆக்கள் என்றால் யார்? எனது உம்மாவா, ஏழாம் தரத்து எனது பிள்ளைகளா? நான் அவசர அவசரமாக, இஸ்லாம் என்றால் சமாதானம் என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினேன். வயது நாற்பதைத் தொட்டிருந்த பயிற்றப்பட்ட ஆசிரியனுக்கு வராத பதில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு வந்திருக்கிறது.

அண்டை வீட்டு மூதாட்டி திருமதி வசெல்லியின் பாத்திரமும் என் மனதில் நிற்கிறது. கிரேக்கக் குடியேற்றவாசி, ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர். மகன் யெகோவாவின் சாட்சிகளோடு சேர்ந்துவிட்டான் என்பதற்காக அவனை ஒதுக்கி வைத்திருப்பவர். மார்க்கத்துக்காகப் பிள்ளையை வெட்டி விடும் பிடிவாதம் நம்மிடம் மட்டும் உள்ள பண்டமன்று என்பதை நாவல் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. தாயையும் மகனையும் மீண்டும் பேச வைக்க அமால் படும் பாடு இனிய பகுதி. தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இன்னொருவரின் துயரைக் கேட்கும் காது அங்கே திறக்கிறது.

குறை என்று நான் கருதுவது லைலாவின் விடயத்தில்.

லைலா துருக்கியக் குடும்பத்துப் பெண், அமாலின் உயிர்த்தோழி. அவளும் ஹிஜாப் அணிபவள். நன்றாகப் படிப்பவள், சட்டத்தரணியாக வேண்டும் என்பது கனவு. தாய் குல்சினோ படிப்பறிவில்லாத கிராமத்துப் பெண். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதிலேயே குறியாக இருக்கிறாள். மகன் ஹக்கான் இரவெல்லாம் ஊர் சுற்றலாம். மகளுக்கு வீட்டு வேலை. பொறுக்க முடியாத ஒரு நாளில் லைலா வீட்டை விட்டு ஓடிப் பெண்கள் காப்பகம் ஒன்றில் தங்குகிறாள். பிற்பாடு வீடு திரும்புகிறாள்.

கலாசாலையில் எங்களுக்கு இலக்கியம் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர், எந்தக் கதையையும் கதாநாயகனிடமிருந்து பறித்து இன்னொரு பாத்திரத்திடம் கொடுத்துப் பாருங்கள் என்பார். இந்த நாவலை லைலாவிடம் கொடுத்துப் பார்த்தேன். புத்தகத்தின் பாதி காணாமற் போய்விடுகிறது! உடுப்புக்கடை இல்லை, பையன் இல்லை, பகிடி இல்லை. மிஞ்சுவது ஒரு சமையலறையும் ஓர் இரவும். அந்த இரவில் அவள் எந்த வாசலால் வெளியேறினாள், கையில் எவ்வளவு காசு வைத்திருந்தாள், காப்பகத்தில் முதல் நாள் யார் அவளோடு பேசினார்கள்? நாவல் அவளோடு போகவில்லை. அமாலோடு வீட்டில் இருந்து அழுகிறது. அமாலின் குரலில் எழுதினால் அமால் பார்த்ததைத்தான் எழுதலாம் என்று வாதிடலாம். சரி, ஆனால் அந்தக் குரலைத் தெரிவு செய்ததும் ஆசிரியைதானே. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) இங்கு ஞாபகம் வருகிறது. தமிழகத்து முஸ்லிம் ஊரொன்றில் சிறுமி ராபியாவும் அவளைச் சுற்றியுள்ள பெண்களும் வளர்கிறார்கள், மணக்கிறார்கள், தேய்கிறார்கள். படர்க்கையில் எழுதிய சல்மா ஒவ்வொரு பெண்ணின் அறைக்குள்ளும் போய் வருகிறார். அங்கே எவளும் இன்னொருத்தியின் கதையில் துணைப்பாத்திரமாக முடங்குவதில்லை. நடையழகில் அமாலின் சுறுசுறுப்பு அந்த நாவலில் இல்லை. ஆனால் இருட்டு இருட்டாகவே இருக்கிறது.

குல்சினைப் பற்றி நாவல் தரும் விளக்கமும் எனக்கு உவப்பாக இல்லை. அவள் செய்வது மார்க்கம் அல்ல, கலாசாரம். மார்க்கம் தெரிந்திருந்தால் இப்படிச் செய்யமாட்டாள் என்பது அமால் வீட்டாரின் தீர்ப்பு. நமது மேடைகளிலும் இதே வாய்பாடுதான். கேட்க இதமாக இருக்கும், யாருக்கும் நோகாது. 1951 ஆம் ஆண்டின் நமது விவாக, விவாகரத்துச் சட்டம் பெண்ணின் மணவயதுக்கு ஓர் எல்லை வகுக்காமலே எழுதப்பட்டது. அதைத் திருத்த ஆலோசனை கூற 2009 இல் நியமிக்கப்பட்ட குழுவின் அறிக்கை 2018 இல்தான் கையளிக்கப்பட்டது. அதுவும் இரண்டாகப் பிரிந்த அறிக்கை. அந்த ஒன்பது ஆண்டுகளை எந்த அறியாத கிராமத்துத் தாயின் தலையில் கட்டுவது? அதற்குள் எனது வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பரீட்சைக்கு வராமற் போன பிள்ளைகள் இருந்தார்கள்.

ஓர் ஆசிரியர் வராத பாடவேளையில், பத்தாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தமிழில் சொன்னேன். ஹிஜாப் விடயத்தில் அவர்கள் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. அதற்கு ஒரு முழுப் புத்தகமா என்பதுபோல் பார்த்தார்கள். அமாலின் வாப்பா டொக்டர், உம்மா பல் வைத்தியர் என்றபோதுதான் வகுப்பு நிமிர்ந்தது. “அவட உம்மா வேலைக்குப் போறாவா சேர்?” என்று ஒருத்தி கேட்டாள். ஆமென்றேன். “அப்ப சரி” என்றாள். விமர்சகர்கள் தவற விட்ட இடத்தை அந்த இரண்டு சொற்கள் தொட்டுவிட்டன. வாய் திறக்கும் தைரியத்துக்கு ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டில் ஒரு சம்பளம் வேண்டும். அமாலிடம் இருந்தது, லைலாவிடம் இல்லை.

பிறகு லைலா ஓடிய பகுதியைச் சொன்னேன். மணி அடித்துவிட்டது. எல்லோரும் போன பின் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை மட்டும் புத்தகப் பையைக் கட்டிப் பிடித்தபடி மேசையடிக்கு வந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

“சேர், அந்தப் பொம்புளப் புள்ளயள் இருக்கிற வீட்டுக்கு எப்பிடிப் போற? முதல்ல ஆருக்கிட்டச் சொல்லணும்?”

நாவலில் அது இல்லை மகள் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் நான் கச்சேரியில் வேலை செய்யும் பழைய மாணவி ஒருத்திக்குத் தொலைபேசி எடுத்து அதே கேள்வியைக் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றாள்.