வூகாமர்ஸை நம்பிக் கடை திறக்கலாமா?

இணையத்தில் கடை திறப்பவர் கார்ட், வரிக் கணக்கு, ஆர்டர் பதிவு எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதில்லை. யாரோ எழுதிவைத்ததை எடுத்துப் பொருத்திக்கொள்கிறார். அப்படி எடுக்கப்படுபவற்றில் சிறு கடைக்காரர்களிடம் பரவலாகப் புழங்குவது வூகாமர்ஸ். 2011இல் ஜிகோஷாப் என்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது. 2015இல் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. வலைத்தளம், வலைப்பதிவு நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் மேல் ஓடும், இலவசம், மூலநிரல் திறந்திருக்கிறது என்று சொல்லித்தான் பரிந்துரைக்கிறார்கள். தீர்மானிக்க இவை போதா. பணம் தவறாமல் பதிவாகிறதா, நம் வரிக்கும் மொழிக்கும் ஒத்துவருகிறதா, பல ஆண்டு கழித்தும் கடை நிற்குமா என்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

பணத்திலிருந்து தொடங்கலாம். வாடிக்கையாளர் யுபிஐ செயலிக்குள் போய்ப் பணத்தை அனுப்புகிறார். அப்படியே வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். கடைப் பக்கத்துக்குத் திரும்புவதே இல்லை. பணம் வந்த சேதியைக் கட்டணச் சேவையின் சர்வர் கடையின் சர்வருக்கு நேரே சொல்ல வேண்டும். இதற்கு வெப்ஹுக் என்று பெயர். கட்டணத்துக்காகக் கடையில் சேர்க்கும் துணை மென்பொருள், அதாவது ப்ளகின், இதைக் கவனிக்காமல் வாடிக்கையாளர் திரும்பி வருவதையே நம்பியிருந்தால் ஆர்டர் நிலுவையிலேயே நிற்கும். சரக்கு இருப்பைக் கணக்கு வைக்கும் கடையில், அமைப்பை மாற்றாமல் விட்டால், 60 நிமிடத்தில் வூகாமர்ஸ் அதை ரத்து செய்துவிடும். பணம் போயிருக்கும், பொருள் வராது. அந்த 60 நிமிட விதியைக் குறை சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் பணம் கட்டாதவர் பெயரில் சரக்கு முடங்கிக் கிடக்கும். பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: பணம் வரும் வாசலைக் காப்பது வேறொருவர் எழுதிய ப்ளகின். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பணம் கட்டிவிட்டு பிரவுசரை மூடுங்கள். ஆர்டர் உறுதியாக வேண்டும். அதே வெப்ஹுக் சேதியை இரண்டாம் முறை அனுப்புங்கள்; சரக்கு இருமுறை குறையக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றில் தவறினாலும் அந்தப் ப்ளகின் வேண்டாம்.

வரியில் வூகாமர்ஸ் பாதிக் கிணறு தாண்டுகிறது. தமிழ்நாட்டுக் கடைக்காரர் 5 சதவீத வரியுள்ள பட்டுச்சேலையை மதுரைக்கு விற்றால் மத்திய, மாநில ஜிஎஸ்டி தலா 2.5, வேறு மாநிலத்திலுள்ள கொச்சிக்கு விற்றால் ஐஜிஎஸ்டி 5. வரி அட்டவணையில் மாநிலம் வாரியாக வரிசை போட்டு, முன்னுரிமை எண்ணைச் சரியாகக் கொடுத்தால் நிரல் எதுவும் எழுதாமல் இது நடந்துவிடுகிறது. மெச்ச வேண்டிய வடிவமைப்பு. ஆனால் பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் குறியீட்டுக்கு அதில் இடமில்லை. ஜிஎஸ்டி முறைப்படியான பில்லும் கிடையாது. அதற்கு இன்னொரு ப்ளகின் தேட வேண்டும்.

மொழி விஷயத்தில் சிக்கல் வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. பொருளின் பெயரிலிருந்து பக்க முகவரியை அது உருவாக்கும். அதற்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்து. தமிழ் யூனிகோடின் ஒவ்வொரு குறியும் முகவரியில் 9 இடம் பிடிக்கும். புள்ளியும் துணைக்குறியும் தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ‘காஞ்சிபுரம் பட்டுச்சேலை’ என்ற பெயருக்கு 199 ஆகிவிடுகிறது. அதற்குப் பின் ‘சிவப்பு’, ‘பச்சை’ என்று எது சேர்த்தாலும் முகவரியில் ஏறாது. நிறத்தால் மட்டும் வேறுபடும் சேலைகளை வால் எண் போட்டுத்தான் பிரித்துக் காட்டும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் கையால் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பதால் கடையை நிறுத்தும் குறையாக இதை எண்ண வேண்டியதில்லை.

ஆயுள்தான் வூகாமர்ஸின் பெரிய பலம். அதன் பழைய அமைப்பு மோசமானது. வலைப்பதிவுக் கட்டுரைகளை வைக்கும் அதே அட்டவணையில் ஆர்டர்களையும் வைத்தது. பெயர், முகவரி, தொகை ஒவ்வொன்றும் இன்னோர் அட்டவணையில் தனித்தனி வரியாகக் கிடக்கும். ஆர்டர் பெருகப் பெருகக் கடை திணறும். ஆர்டர்களுக்கென்று தனி அட்டவணைகள் புதிய கடைகளில் இயல்பாக வந்தது 2023 அக்டோபரில் வெளியான 8.2 பதிப்பில்தான். தாமதம் பெரிது. ஆனாலும் பழைய கடைகளைக் கைவிடாமல், அவை தம் வசதிப்படி மாறிக்கொள்ள விட்டுச் செய்தார்கள். மஜெண்டோ என்ற இன்னொரு கடை மென்பொருளின் கதை வேறு. 2015இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதல் பதிப்புக்கு எழுதிய ப்ளகின்கள் எதுவும் ஓடவில்லை. கடையை ஏறத்தாழ மறுபடி கட்ட வேண்டியிருந்தது. பலர் மாறவில்லை. 2020 ஜூன் 30இல் முதல் பதிப்புக்கான ஆதரவு நின்றது. அந்த செப்டம்பரில் ஒரே வார இறுதியில் சுமார் 2,000 மஜெண்டோ கடைகளில் கார்டு விவரம் திருடும் நிரல் ஏற்றப்பட்டது. பெரும்பாலானவை முதல் பதிப்பில் ஓடியவை.

இதை வைத்து வூகாமர்ஸ் பத்திரமானது என்று முடிவுகட்டக் கூடாது. அதன் ப்ளகின்கள் எல்லாம் ஒரே வீட்டில் ஒரே சாவியோடு குடியிருப்பவை: எந்தப் ப்ளகினும் மொத்தத் தரவுத்தளத்தையும் படிக்கலாம், மாற்றலாம். 2023 மார்ச்சில், ஆட்டோமேட்டிக்கே வெளியிட்ட வூகாமர்ஸ் பேமெண்ட்ஸ் ப்ளகினில், கடவுச்சொல் இல்லாமலே நிர்வாகியாக நுழைய வழிவிடும் ஓட்டை தெரியவந்தது. திருத்தம் உடனே வந்தது. ஆனால் ஏற்றிக்கொள்ளாத கடைகளைத் தேடித் தேடி அந்த ஜூலையில் தாக்கினார்கள். தயாரித்தவரின் சொந்த ப்ளகினுக்கே இந்த நிலை என்றால், ஆசிரியர் கைவிட்டுப்போன இலவச ப்ளகின்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே தீர்ப்பு இது. வூகாமர்ஸின் மையப் பகுதியை எடுக்கலாம். அதன் கணக்கு முறையும் நீடித்த பராமரிப்பும் அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவை. ப்ளகின்களைக் கட்டணம், பில், காப்புப்பிரதி என்ற அத்தியாவசியங்களோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். திருத்தங்களை வாராவாரம் கவனிக்க ஆள் இல்லாதவர் மாத வாடகை கொடுத்து, பராமரிப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் ஷாப்பிஃபை போன்ற சேவைக்குப் போவதே மேல். இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக வூகாமர்ஸை எடுக்காதீர்கள்.