பலாப்பழமும் வௌவாலும்

தீவுகளுக்கு உல்லாசமாகப் போய் வந்தவர்கள் எழுதும் புத்தகங்களில் பிராணிகள் பெரும்பாலும் பட்டியலாகத்தான் வருகின்றன. காலையில் ஆமை, மத்தியானம் பவழப் பாறையில் மீன், சாயங்காலம் பெயர் தெரியாத ஒரு பறவை. இரவில் சாப்பாடு பிரமாதம். பார்த்தவருக்கும் பார்க்கப்பட்டதற்கும் நடுவே எதுவுமே நடப்பதில்லை.

ஜெரால்ட் டரல் 1977-ல் வெளியிட்ட ‘கோல்டன் பாட்ஸ் அண்ட் பிங்க் பிஜியன்ஸ்’ என்ற புத்தகத்தில் அது நடக்கிறது. மோரிஷஸுக்கு அவர் போனது காரியமாக. எழுதியிருப்பதோ விடுமுறை விட்ட பள்ளிக்கூடத்துப் பையனின் குதூகலத்தோடு. அந்தக் குதூகலத்துக்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது. டோடோ என்ற பறவை பதினேழாம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன தீவு அது. அங்கே மட்டுமே உள்ள ஒரு வகை வல்லூறு, 1974-ல் காட்டில் நான்குதான் மிஞ்சியிருந்தது. பக்கத்து ரவுண்ட் தீவில் யாரோ கொண்டுபோய் விட்ட ஆடுகளும் முயல்களும் பச்சையை மேய்ந்து தீர்க்க, மண்ணே கரைந்து போய்க்கொண்டிருந்தது.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ராட்ரிக்ஸ் தீவு. அங்குள்ள பொன்னிற வௌவால்களைப் பிடித்து, ஜெர்சியில் தம்முடைய மிருகக்காட்சிசாலையில் இனம்பெருக வைக்க வேண்டும். ஆசை காட்டப் பலாப்பழம் போகிறது. அதன் வாசனை டரலைப் படுத்தும் பாடு! சிறுமலைப் பலாவை ருசித்து வளர்ந்த திண்டுக்கல்காரனுக்கு, ‘ஐயோ பாவம், சுளையை எடுத்து ஒரு வாய் தின்றுதான் பாரேன்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் அத்தியாயத்தின் பலமே அங்கேதான் இருக்கிறது. தாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொருளே வௌவாலுக்கு அமிர்தம் என்பதை அவர் மறைக்கவில்லை. கேலி தம் மேலேயே விழும்படி எழுதுகிறார். அதனால் வௌவாலுக்குக் கௌரவம் கூடுகிறது. அந்த வௌவால்கள் இன்று ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன.

குறையும் உண்டு. மோரிஷஸ் ஜனங்களில் பெரும்பாலோர் இந்திய வம்சத்தினர். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் தமிழர்களும் அவர்களில் உண்டு. ஒரு பல்லிக்கு அவர் கொடுக்கும் முகச்சாயலில் பாதிகூட இவர்களுக்குக் கொடுக்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் வெயிலில் நிற்கிறவனுக்கும் அந்தப் புறாவுக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்தால் புத்தகம் இன்னும் பெரிதாகியிருக்கும்.

அவரைக் குறை சொல்கிற நாம் மாத்திரம் என்ன செய்துவிட்டோம்? அய்யலூர், கடவூர்ப் பக்கத்துப் புதர்க்காடுகளில் தேவாங்கு இருக்கிறது. அதற்காகவே 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அதுதான். சர்க்கார் கவனித்துவிட்டது, கதாசிரியர்கள் இன்னும் கவனிக்கவில்லை. இருட்டிய பிறகு கிளை கிளையாகக் கையை மெல்ல மாற்றிப் பிடித்துப் போகும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளையும் தின்னும். மந்திரம், மருந்து என்று சொல்லி அதைப் பிடித்துக் கொன்றவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் படித்த கதைகளிலெல்லாம் தேவாங்கு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வருகிறது: ஒல்லியான பையனை அவன் அத்தை திட்டுவதற்கு.