கதையில் உழைப்பவர் யார்?

"புதினமா? பொழுதைப் பாழாக்கும் பண்டம்! நமக்கு வேண்டியது கருத்து, கதையன்று" என்று கூறும் தோழர்கள் ஒருபுறம். "இந்த ஆண்டில் மட்டும் ஐம்பது புதினங்களை முடித்துவிட்டேன்" என்று கணக்குக் காட்டும் நண்பர்கள் மற்றொருபுறம். முன்னவர் ஏட்டைத் தொடுவதில்லை. பின்னவர் ஒன்றை முடித்த மூச்சிலேயே அடுத்ததற்குத் தாவுகின்றனர். நாமும் புதினப் பித்துடையோர்தாம். பள்ளியில் பாடம் முடித்து, வீட்டில் குறிப்பேடுகளைத் திருத்தி முடித்து, ஊர் உறங்கிய பின் ஒரு மணி நேரமாவது கதை படிக்காவிட்டால் நமக்கு உறக்கம் வருவதில்லை. எனினும், எத்தனை படித்தோம் என்று நாம் எண்ணுவதில்லை. சோற்றுப் பருக்கையை எண்ணுபவன் சுவையறிந்து உண்பானா?

நாம் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நூலகத்தில் எடுத்துவந்த புத்தகம் ஆயின் அதில் கோடிடுவதோ, ஓரத்தில் எழுதுவதோ கிடையாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓட்டு வீட்டுக்காரரும் தம் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறார். அவர் வாங்கித் தந்த புத்தகத்தைக் கிறுக்கிப் பாழாக்க நமக்கு உரிமை ஏது? ஆகவே புத்தகத்தினுள் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்வோம். அதில் நாம் குறிப்பவை அழகிய வரிகள் அல்ல. இக்கதையில் உழைப்பவர் யார்? சோறு ஆக்கியவர் யார்? பெயர் சூட்டப்படாமலே வந்து போகிறவர் யார்? துன்பம் விளைகிறதே, அதனால் ஆதாயம் அடைபவர் யார்? இவற்றுக்கு விடை கிடைத்த பக்கங்களின் எண்களைக் குறித்துக்கொள்வோம். கதை முடிந்ததும் தாளைப் பார்த்தால், ஆசிரியர் தம்மை எந்தக் கட்சிக்காரர் என்று சொல்லிக்கொள்கிறார் என்பதைவிட, அவர் எங்கே நின்று உலகைப் பார்க்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, தமிழின் முதற் புதினம் என்று போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி, 1879இல் வெளிவந்தது. ஞானாம்பாள் என்னும் பெண் ஆணுடை தரித்து நாட்டையே ஆளுகிறாள் என்பதற்காக நம்மவர் அதைப் பாராட்டுவர். பாராட்டட்டும்! பெண் கல்விக்காக வாதாடிய அந்தப் பெரியவருக்கு அது தகும். ஆனால், யானை மாலை சூட்டி அரசு தரும் அந்தப் பகுதியைவிட, நம் தாளில் முதலில் ஏறியது தொடக்கத்தில் வரும் ஒரு சிறு செய்தி. செல்வர் வீட்டுப் பிள்ளை பிரதாபனை யாரும் அடிக்கலாகாது. ஆயினும் அவன் பாடம் படிக்காவிட்டால் யாராவது அடிபட்டாக வேண்டும்! ஆகவே, அவன் செய்யும் தவற்றுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் கனகசபை அடிபடுகிறான். கனகசபை யார்? பாடம் சொல்லித்தரும் உபாத்தியாயரின் மகனாக அங்கே வளர்கிறவன். ஆசிரியர் இதை நகைச்சுவையோடுதான் எழுதிச் செல்கிறார். நாமும் முதன்முறை நகைத்துக்கொண்டேதான் படித்தோம்.

பள்ளியில் நூலகப் பாடவேளை ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு இந்தப் பகுதியைச் சொன்னோம். பிள்ளைகள் சிரித்தனர். பின்வரிசையில் இருந்த ஒருவன் மட்டும் எழுந்து, "சார், சொந்தப் பையனையே அவர் எப்படி சார் அடிச்சார்?" என்று கேட்டான். திறனாய்வு நூல் எதிலும் நாம் காணாத கேள்வி! ஏன் அடித்தார்? அவர் உண்ணும் சோறு அந்த வீட்டுச் சோறு. செல்வர் மகனை அடித்தால் வேலை போய்விடும். எவரையும் அடிக்காவிட்டால் பாடம் நடத்தவில்லை என்ற பழி வரும். பிரம்பு அவர் கையிலே. அதை ஓங்கச் சொல்வதோ படியளப்பவரின் பணம்! பிள்ளைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால், ஒருவன் தவற்றுக்கு மற்றொருவன் அடிபடும் முறை பள்ளிக்கு வெளியே ஒழிந்துவிட்டதா என்ன? இத்தனையும் கதை போதிக்கும் நீதிகளிலே இல்லை. கதையின் மூலையிலே கிடக்கிறது. நீதி வாக்கியங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறவர் கனகசபையைக் காணாமலே போய்விடுவார்.

இனி, இலட்சக்கணக்கானோர் நெஞ்சில் நிற்கும் பொன்னியின் செல்வனைப் பார்ப்போம். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய தொடர். 2022இலும் 2023இலும் திரைப்படமாகவும் வந்தது. "மன்னர் புகழ் பாடும் கதை, அதை நாம் ஏன் படிக்க வேண்டும்?" என்பார் நம் தோழர் சிலர். படிக்க வேண்டும் என்போம்! படிக்காமல் வெறுப்பதற்குப் பெயர் பகுத்தறிவு அன்று. ஆடிப்பெருக்கு நாளில், கடல் போல் விரிந்த வீரநாராயண ஏரிக்கரையின் மேல் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். மதகுகளை எண்ணிக்கொண்டு வருகிறான். அந்த ஏரியை வெட்டியது யார் என்ற நம் கேள்விக்குக் கல்கியே விடையும் தருகிறார்: போரை எதிர்நோக்கித் தங்கியிருந்த இராசாதித்தனின் படைவீரர்கள் வெட்டினார்கள் என்கிறார். ஆனால், அத்தோடு சரி! குதிரை போய்விடுகிறது, கதையும் அதன் பின்னாலே அரண்மனைக்கும் கோட்டைக்கும் போய்விடுகிறது. ஐந்து பாகங்களில் சதியும் காதலும் சுரங்க வழியும் உண்டு. மண் சுமந்தவன் வீட்டில் என்ன உண்டான், அவனிடம் வரி எவ்வளவு வாங்கினார்கள் என்பது இல்லை. படகோட்டும் பூங்குழலி ஒருத்தி வருகிறாள். கதை முழுவதிலும் நமக்கு மிகவும் பிடித்தவள் அவளே. காரணம் எளிது: அவள் கை துடுப்புப் பிடித்த கை. கல்கியின் நடை நீரோட்டம் போன்றது. அதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஓட்டத்தில் மயங்கியவன் கரையையும் பார்க்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அரசர் கதையில் உழைப்பவன் மறைவது வியப்பன்று. உழைப்பவனுக்காகவே எழுதப்பட்ட கதையிலும் அவன் மறையக்கூடும் என்பதே நம்மை வருத்துவது.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், குடிசையொன்றில் ஒதுங்கிய 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் கேட்டது கூலியாகக் கூடுதல் நெல். அவர்கள் விட மறுத்தது தம் சங்கத்துச் செங்கொடி. இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய குருதிப்புனல் 1975இல் வெளிவந்தது. 1977இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. பிறர் தொட அஞ்சிய பொருளைத் தொட்ட துணிவை மெச்சுகிறோம். ஆனால், துண்டுத் தாளை எடுத்துப் பாருங்கள்! கதையை நாம் யார் கண் வழியே காண்கிறோம்? தில்லியிலிருந்து வந்த கோபால், சிவா என்னும் படித்த இருவரின் கண் வழியே. நாற்று நட்டவள், கதிர் அறுத்தவள், கூலி மரக்காலை ஏந்தி நின்றவள் எங்கே? அவர்கள் பேச வேண்டிய இடங்களிலெல்லாம் நண்பர்களிடையே நடக்கும் தத்துவ உரையாடலே கேட்கிறது.

அதனினும் பெரிய குறை ஒன்று. நிலக்கிழாரின் கொடுமைக்குக் காரணம் தேடும்போது, அவருடைய ஆண்மைக் குறைவையும் அதனால் விளைந்த மனக் கோளாற்றையும் ஆசிரியர் முன்னே கொண்டுவந்து வைக்கிறார். நன்று, அப்படியானால், உடல்நலமுள்ள பண்ணையார் கூலியை உயர்த்திக் கொடுத்துவிட்டாரா? மருத்துவர் ஒருவர் மருந்து கொடுத்திருந்தால் அந்தக் குடிசை எரியாமல் இருந்திருக்குமா? நெல்லிலும் நிலத்திலும் சாதியிலும் இருந்த காரணத்தை ஒருவரின் உடலுக்குள் கொண்டுபோய் ஒளித்துவைப்பது, கொலைகாரனை நோயாளியாக்கும் வேலை. ஆசிரியரின் நோக்கம் அதுவன்று என்று அவர் அன்பர்கள் கூறலாம். நோக்கத்தை நாம் ஐயுறவில்லை; எதிரே கிடக்கும் பக்கங்களைப் பற்றியே பேசுகிறோம்.

இதற்கு நேர்மாறாக அண்ணாவின் ரங்கோன் ராதாவை நினைத்துப் பார்க்கிறோம். 1956இல் படமாகவும் வந்த கதை. மனைவிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கணவனே ஊரை நம்பவைக்கிறான். ஏன்? அவள் தங்கையை மணக்க வேண்டும்; சொத்தையும் சேர்க்க வேண்டும். பேய் என்பது பொய் என்று சொல்வது எளிது, பலர் சொல்லியிருக்கின்றனர். பேய் யாருக்கு ஆதாயம் என்று காட்டியதில் இருக்கிறது இக்கதையின் வலிவு. ஆனால், பாத்திரங்கள் பேசுவதை விட்டுவிட்டு மேடையேறிச் சொற்பொழிவாற்றும் இடங்களும் அதில் இல்லாமல் இல்லை. அவ்விடங்களில் நம் இளைஞர் கை தட்டுவர். நாமோ பக்கத்தைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண்ணிடமே திரும்பிவிடுவோம். அடுக்குமொழி கேட்க வேண்டுமானால் கூட்டத்துக்குப் போகிறோம். கதையில் அவள் துயர் அல்லவா வேண்டும்?

சொற்பொழிவே இல்லாத கதை ஒன்று சொல்லவா? இமையத்தின் கோவேறு கழுதைகள், 1994இல் வந்தது. எழுதியவர் ஆசிரியத் தொழில் பார்த்தவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. ஆரோக்கியம் என்னும் புதிரை வண்ணார்ப் பெண்ணின் கதை. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும், ஒடுக்கப்பட்டோரிலும் ஒடுக்கப்பட்ட குடும்பம் அவளுடையது. துணி வெளுக்கிறாள், இரவில் வீடு வீடாகச் சென்று சோறு எடுக்கிறாள், பிறப்பு வீட்டிலும் சாவு வீட்டிலும் அவள் இல்லாமல் ஆவதில்லை, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தன் பங்கு நெல்லுக்காகக் காத்து நிற்கிறாள். நம் தாள் இந்தக் கதைக்குப் போதவில்லை! பக்கத்துக்குப் பக்கம் வேலை. வேலைக்கு ஏற்ற கூலியோ இல்லை. மகளுக்குக் கொடுமை நேர்கிறது. அதற்கு நீதி கேட்க அவளுக்கு ஓர் இடமில்லை. அவள் முழக்கமிடவில்லை. கொடி பிடிக்கவில்லை. தன் ஊர், தன் மக்கள் என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையைப் படிக்கப் படிக்க நமக்கல்லவா நெஞ்சு எரிகிறது!

"ஒடுக்கப்பட்டவரையே கொடியவராகக் காட்டலாமா?" என்று தலித் திறனாய்வாளர் சிலர் இந்நூலைக் கடுமையாகச் சாடினர். தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. பகைவர் கையில் இக்கதை கருவியாகக்கூடும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு. என்றாலும், நாம் கதையின் பக்கமே நிற்கிறோம். படிக்கட்டு போல் கட்டப்பட்ட சாதியமைப்பில் கடைசிப் படிக்குக் கீழேயும் ஒரு படி இருக்கிறது என்பதை மறைத்தால், மேல் படியில் இருப்பவனுக்குத்தான் ஆறுதல்.

ஒன்றை மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் அமைதி. 2014இன் இறுதியில் திடீரென எதிர்ப்பு, சில பக்கங்களின் படிகள் கைக்குக் கை மாறின, புத்தகம் கொளுத்தப்பட்டது, 2015 சனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, மீண்டும் எழுதுகிறார். அன்று எரித்தவர்களை நோக்கி, "முழுப் புத்தகத்தையும் படித்தாயா?" என்று நம் தோழர்கள் முழங்கியது சரியே. அதே கேள்வியை அவர்களிடம் நாம் தனியே கேட்டபோது, பலர் வேறு பேச்சுக்குத் தாவினர்! பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஊராரின் வாய்க்கு அஞ்சி அஞ்சிச் சாகும் பக்கங்களைப் படித்த ஒருவரையாவது காண விரும்பினோம். அவனுடைய தொழுவத்தையும், அவர்கள் இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த அன்பையும் அறியாமல், கருத்துரிமை என்ற ஒரு சொல்லை மட்டும் ஏந்திக்கொண்டு போராடியிருக்கின்றனர். படிக்காமல் கொளுத்துபவனையும் படிக்காமல் போற்றுபவனையும் ஒரே தட்டில் வைக்க மாட்டோம். தீ வைத்தவன் குற்றவாளி. ஆனால், வேதத்தைப் படிக்காமலே வணங்குகிறான் என்று பிறனை நகைப்பவன், தான் ஆதரிக்கும் நூலையாவது படித்திருக்க வேண்டாமா?

நேரமில்லை என்பர். நாளுக்குப் பத்துப் பக்கம் படித்தால் முந்நூறு பக்கக் கதைக்கு ஒரு திங்கள். பேருந்தில் படிக்கலாம், சிற்றுண்டிக் கடையில் காத்திருக்கையில் படிக்கலாம். தனியே படிப்பது சலிப்பாயின் நால்வராக அமர்ந்து, ஒருவர் உரக்கப் படிக்க மூவர் கேட்கலாம். முடிதிருத்தும் நிலையங்களிலும் படிப்பகங்களிலும் நம் முந்தைய தலைமுறை செய்தித்தாளை அப்படித்தான் படித்தது. உரக்கப் படித்தால் பொய்யான உரையாடல் உடனே காதில் உறுத்தும் என்பது கூடுதல் ஆதாயம்.

இப்போது நம் மேசை மீது இருப்பது ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள், 1979இல் வந்தது. தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் சென்று, அம்மக்களோடு பழகி எழுதிய கதை. இரண்டாம் முறையாகப் படிக்கிறோம். பாதி வந்துவிட்டோம், உப்பு வாரும் பெண்களின் பாதங்களைப் பற்றி மட்டும் தாளில் ஆறு குறிப்புகள் ஏறியிருக்கின்றன. வெள்ளிக்கிழமை நூலகத்தில் திருப்பித் தர வேண்டும். அடுத்துக் கேட்டிருப்பவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி.