தூக்குவது ஜாக்கி, தாங்குவது எது?

பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ மீட்டெடுக்க இறங்குகிறவர்கள் என்ஜினைப் பற்றியும் பெயின்டைப் பற்றியும் மாதக்கணக்கில் பேசுவார்கள். அடித்தகடு வேலைக்கு வண்டியை எதன்மேல் நிறுத்துவது என்ற கேள்விக்கு மட்டும், பட்டறையில் கைக்குக் கிடைப்பதே விடையாகிவிடுகிறது. அடியில் படுத்துத் துருவைச் சுரண்டும் வேலையோ பெரும்பாலும் பட்டறையில் வயதில் இளையவருக்கே வந்து சேர்கிறது. வண்டி எதன்மேல் நிற்கிறது என்று எதிர்த்துக் கேட்கும் இடத்தில் அவர் இல்லை. ஆகவே வழக்கத்தில் உள்ள முறைகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டு, எது தகும், எது தகாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு நான்கு அளவுகோல்கள் போதும். தாங்கும் பொருள் விட்டுப்போகும் முன் அறிகுறி காட்டுமா? பக்கவாட்டில் இழுத்தால் அசையாமல் நிற்குமா? தகட்டை வெட்டி ஒட்டும்போது உடற்கூடு வளையாமல் காக்குமா? அடியில் இருப்பவருக்கு வேலை செய்ய இடமும், ஆபத்து வந்தால் வெளியேற வழியும் உண்டா? ஆயில் மாற்றுவதற்கு மூன்றாவது கேள்வி தேவைப்படாது. அடித்தகட்டை வெட்டும் வேலைக்கு அதுவே மையமான கேள்வி. ஏனெனில் அங்கே வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கும் உறுப்பையே நாம் அறுத்து எடுக்கிறோம்.

முதலில் ஜாக்கி. பாட்டில் ஜாக்கியானாலும் டிராலி ஜாக்கியானாலும் அதன் உள்ளே எடையைத் தாங்குவது எண்ணெய்; அந்த எண்ணெயை அடைத்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீல். சீல் கசிந்தால் வண்டி மெல்ல இறங்கும், கிழிந்தால் உடனே விழும். 30 செ.மீ. உயரத்திலிருந்து விழ கால் விநாடி போதும். அந்த நேரத்துக்குள் அடியிலிருந்து யாராலும் நகர முடியாது. தலைப்பகுதி சிறியதாக இருப்பதால் பக்க இழுப்புக்கும் ஜாக்கி நிற்காது. தூக்குவதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை, தாங்குவதற்கு இது கருவியே அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான் நம் பட்டறைகளின் அடிப்படைத் தவறு.

அடுத்தது செங்கல்லும் ஹாலோ பிளாக்கும். இதற்காக வாதாடுபவர்கள் அனுபவத்தைச் சுட்டுவார்கள்: எத்தனையோ வண்டிகளை இப்படி நிறுத்தியிருக்கிறோம், எதுவும் ஆகவில்லை என்பார்கள். அந்த மெக்கானிக்குகளின் கைத்திறனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வண்டியின் எந்த இடம் வலுவானது என்று அவர்கள் கண்டுகொள்ளும் விதம் உண்மையிலேயே நுட்பமானது. ஆனால் குறை அவர்களிடம் இல்லை, கல்லில் இருக்கிறது. கல்லும் சிமெண்டும் சீராகப் பரவிய சுமையை நன்றாகத் தாங்கும். ஒரு முனையில் குவியும் சுமைக்கு வெடித்துவிடும். காரின் அடியில் இருப்பவையோ விளிம்புகளும் போல்ட் தலைகளும்தான். சுவரில் பிளாக்கின் துளைகள் மேல்கீழாக நிற்கும். பட்டறையில் அதைப் படுக்க வைத்தால் மெல்லிய சுவர்கள் குறுக்கே சுமை ஏற்கின்றன. நேற்று தாங்கிய கல்லில் இன்று கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். வளையாமல், முனகாமல், ஒரே நொடியில் உடைவது அதன் இயல்பு. முதல் அளவுகோலிலேயே கல் தோற்றுவிடுகிறது.

இரும்பு ஸ்டாண்டுக்கு வருவோம். இதில் இரண்டு வகை: பல்வரிசையில் கொக்கி விழுந்து பிடிக்கும் வகை, துளையில் குறுக்கே கம்பி செருகும் வகை. முதல் வகை வசதியானது. ஆனால் கொக்கி பல்லை முழுமையாகக் கவ்வியிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை 2020-இல் திரும்பப் பெற்றது இந்தக் குறைக்காகத்தான். தயாரிப்புக் கருவிகள் பழையதாகிப்போனதில், சில ஸ்டாண்டுகளில் கொக்கி பல்லோடு போதிய ஆழத்துக்குப் பொருந்தவில்லை. மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் குறை கண்டு, அதே ஆண்டில் அவற்றையும் திரும்பப் பெற நேர்ந்தது. கம்பி செருகும் வகையில் கம்பி உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். வாரக்கணக்கில் வண்டி நிற்கப்போகும் வேலைக்கு இந்த வகையே மேல். அதில் எழுதியிருக்கும் டன் அளவு ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்கா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

நல்ல ஸ்டாண்டும் பக்க இழுப்பில் சோதனைக்குள்ளாகும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,100 கிலோ எடையுள்ள வண்டியை நான்கு ஸ்டாண்டுகள் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றிலும் 275 கிலோ. அடியகலம் 25 செ.மீ., தலை 45 செ.மீ. உயரத்தில் என்றால், அந்த ஸ்டாண்டு ஒன்றே பக்கவிசையை ஏற்கும் நிலையில் ஏறக்குறைய 76 கிலோ விசை அதைக் கவிழ்த்துவிடும். உயரத்தை 30 செ.மீ.க்கு இறக்கினால் அதே ஸ்டாண்டு 115 கிலோ வரை நிற்கும். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற ஸ்பானரில் குழாய் மாட்டி, காலை ஊன்றி இரண்டு பேர் இழுப்பது பட்டறையில் அன்றாடக் காட்சி. ஆகவே இறுகிய போல்ட்டுகளையெல்லாம் வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே தளர்த்திவிடுவதும், தேவைக்கு மேல் ஒரு விரற்கடை கூட உயர்த்தாமல் இருப்பதும் ஸ்டாண்டின் தரத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையவை. தரை மண்ணாகவோ வெயிலில் இளகும் தாராகவோ இருந்தால் ஸ்டாண்டின் கால்கள் புதையும். சமமான கான்கிரீட் தளம் இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

மரக்கட்டை அடுக்கை நம்மவர்கள் பழைய முறை என்று ஒதுக்குகிறார்கள். எடைபோட்டால் அது ஸ்டாண்டுக்குக் குறைந்ததல்ல. விபத்து மீட்புப் பணியாளர்கள் இன்றும் அதைத்தான் நம்புகிறார்கள். சதுரக் கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கினால், 10 செ.மீ. பக்கமுள்ள ஒரே ஒரு தொடுபரப்பு கூட, மரம் நல்லதாக இருந்தால், ஒரு காரின் முழு எடையைத் தாங்க வல்லது. அடி அகலமாக இருப்பதால் கவிழாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மரம் நசுங்கும், முனகும், பிளவு காட்டும்; எச்சரித்த பிறகே விடும். அடுக்கின் உயரம் அடியகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பக்க இழுப்பிலும் அசையாது. இடத்தை அடைக்கும் என்பது மட்டுமே இதன் குறை.

கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைப்பதைப் பலர் இரண்டாம் காப்பு என்று நம்புகிறார்கள். யோசனை நல்லது, அளவு போதாது. அம்பாசிடரின் 5.90-15 டயர் படுத்தால் உயரம் ஏறக்குறைய 15 செ.மீ.தான். மல்லாந்து படுத்தவரின் மார்பு அதைவிட உயரம். இரண்டு சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் அது உயிர் காக்கும்.

இனி, எங்கே தாங்குவது? அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேசிஸ் கிடையாது, உடற்கூடே எலும்புக்கூடு. கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடுதான் அதன் முதுகெலும்பு. மழைநீரும் சேறும் தங்கி முதலில் துருப்பிடிப்பதும் பெரும்பாலும் அதுவே. அங்கே முட்டுக் கொடுத்தால் தகடு உள்வாங்கும். அதை வெட்டும்போது முன்பாரமும் பின்பாரமும் இருபுறம் இழுக்க, நடுப்பகுதி தொய்ந்துவிடும். வெல்டிங் முடிந்து இறக்கிய பிறகு கதவு சாத்தாது. அதனால் வெட்டும் முன்பே கதவுத் திறப்புகளில் குறுக்குக் குழாய்களை வெல்டு செய்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். தாங்கும் புள்ளிகள் முன்புறக் குறுக்குச் சட்டத்திலும், பின் ஆக்சில் ஹவுசிங்கிலும் அமைய வேண்டும். ஆக்சிலைக் கழற்றுவதானால், லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை பொருந்தும் இடத்தில் தகடு உறுதியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து அங்கே மாற்றலாம்.

அம்பாசிடரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பாரில் இயங்குகிறது. அந்த நீண்ட கம்பியின் பின்முனை ஃப்ளோருக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் முறுக்கோடு பிடித்திருக்கும். அதைத் தளர்த்தாமல் அந்தச் சட்டத்தின் அருகே வெட்டுவது, தேக்கி வைத்த விசையை ஆளின் முகத்தருகே அவிழ்த்துவிடுவதாகும். 1960-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் இருப்பதால் அது எளிது என்று தோன்றும். அங்கும் ஸ்டாண்டு நிற்க வேண்டியது சேசிஸின் முதன்மைச் சட்டங்களில்தான். பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடிப்பதற்குப் பேர்போனவை, அவற்றை நம்பக் கூடாது.

எடை இடம் மாறுவதையும் மறக்கலாகாது. அம்பாசிடரின் 1489 சிசி இரும்பு என்ஜினை இறக்கிவிட்டால் வண்டியின் எடைமையம் பின்னோக்கி நகரும். பின் ஸ்டாண்டுகள் ஆக்சிலுக்கு வெகு முன்னால் இருந்தால் வால் கீழே சாயும். ஒவ்வொரு பெரிய பாகத்தையும் கழற்றும் முன் தாங்குபுள்ளிகளை மறுபடி சரிபார்ப்பது வேலையின் ஓர் அங்கம்.

பிட் எனும் குழி முதல் பார்வைக்குச் சிறந்ததாகத் தெரியும்: வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கிறது, விழ வழியில்லை. முதல் மூன்று அளவுகோல்களிலும் அது தேறிவிடும். நான்காவதில் முற்றாகத் தோற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, எல்பிஜியும் அப்படியே. இரண்டும் குழிக்குள் இறங்கித் தேங்கும். மிக் வெல்டிங்கில் பயன்படும் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கனமானவை, ஆக்சிஜனை வெளியே தள்ளும். நெருப்புப் பொறி பறக்கும் வேலையை, வெளியேற ஒரே வழியுள்ள பள்ளத்தில் செய்யக் கூடாது. பார்வையிடவும் கழுவவும் பிட் நல்லது, வெல்டிங்குக்கு அல்ல.

ஹாய்ஸ்ட்டுகளில் இரண்டு தூண் வகையின் கைகள் பெரும்பாலும் கதவடிப் பெட்டியின் விளிம்பைத்தான் பிடிக்கின்றன. அழுகிய பெட்டியுள்ள பழைய வண்டிக்கு அது பொருந்தாது. நான்கு தூண் வகையில் வண்டி தன் சக்கரத்திலேயே தண்டவாளத்தில் நிற்கிறது. இயந்திரப் பூட்டு விழுந்துவிட்டால் எண்ணெயை நம்ப வேண்டியதில்லை. நின்றபடி வேலை செய்யலாம், எந்தப் பக்கமும் விலகலாம். பணம் இருக்கும் பட்டறைக்கு இதுவே முதலிடம். ஆக்சிலைக் கழற்ற மட்டும் கூடுதல் ஏற்பாடு வேண்டும்.

வண்டியை இரு முனைகளில் பிடித்து முழுதாகச் சுழற்றும் ரொட்டிசரி வெல்டருக்கு வரப்பிரசாதம். தலைக்குமேல் ஒட்டும் வெல்டிங்கில் உருகிய உலோகம் கீழே வழியும், ஊடுருவல் குறையும். கூட்டைத் திருப்பி மேலிருந்து ஒட்டினால் தரம் கூடும். ஆனால் கூட்டின் எடை முழுவதும் இரு முனைகளில் தொங்குகிறது. நடு எலும்பு அழுகிய கூட்டை அதில் ஏற்றினால் வளைவு நிரந்தரமாகிவிடும். முதுகெலும்பைச் சரிசெய்த பிறகே ரொட்டிசரி. அதற்கு முன் அல்ல. இதற்குச் செலவு செய்ய மனமில்லாமல், வண்டியை அப்படியே பக்கவாட்டில் சாய்த்து டயர்மேல் கிடத்தும் முறை எந்த அளவுகோலிலும் தேறாது.

என் தீர்ப்பு இது. சாதாரணப் பட்டறைக்கும் வீட்டு ஷெட்டுக்கும் தகுந்தது, கம்பி செருகும் நான்கு ஸ்டாண்டுகளும், அவற்றுக்குத் துணையாக மரக்கட்டை அடுக்குகளும், சமமான கான்கிரீட் தளமும்தான். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கதவுத் திறப்புகளை இறுக்கிவிட்டு, வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்து அசையவில்லை என்று உறுதியான பிறகே ஆள் உள்ளே போக வேண்டும். ஜாக்கியும் கல்லும் அடியில் ஆள் இருக்கும்போது ஒருபோதும் ஏற்கத் தக்கவையல்ல. இதில் விதிவிலக்கு கிடையாது.

பழைய வண்டியை நேசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயின்டுக்கும் குரோமுக்கும் ஒதுக்கும் தொகையில் முதல் பங்கை ஸ்டாண்டுகளுக்கும் கட்டைகளுக்கும் கொடுங்கள். வண்டியைப் பட்டறையில் விடுபவரானால், வேலை தொடங்கும் நாளில் நேரில் போய் அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். கல்லின்மேல் நின்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்காக அந்தச் சொல்லை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.