கொள்ளு ரசம்

கொங்குப் பக்கம் மழைக்காலத்தில் கொள்ளு வேகாத வீடு குறைவு. கல் பொறுக்கி, முதல் நாள் இரவே ஊற வைத்து, குக்கரில் ஐந்தாறு விசில் விட்டால்தான் இந்தக் கெட்டிப் பயறு மசியும். வெந்ததைச் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு, வரமிளகாயோடு ஆட்டுக்கல்லில் ஒன்றிரண்டாக அரைத்தால் கொள்ளுப் பருப்பு. வடித்த தண்ணீரில் புளி கரைத்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கினால் ரசம். செம்பழுப்பு நிறம், அடிநாக்கில் மெல்லிய துவர்ப்பு. ரசங்களில் எனக்கு இதுதான் முதல்.

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். அது உடம்புக் கொழுப்பைக் கரைத்துவிடாது. ஆனால் 100 கிராம் பயறில் சுமார் 22 கிராம் புரதம். கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் சேர்வதால் வயிறு சீக்கிரம் நிறைகிறது, சோறு தானாகக் குறைகிறது. அறுபது வயதுக்கு மேல் தசை குறைந்துகொண்டே வரும். பட்டினி கிடந்து இளைத்தால் அது இன்னும் வேகமாகக் கரையும்.

தசையைக் காக்கப் புரதம் வேண்டும். அதனால் ரசத்தை மட்டும் குடித்துவிட்டுப் பயறை ஒதுக்காதீர்கள். புரதமும் நாரும் பெரும்பாலும் அதில்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.