தடையிலா எழுத்தும் புலம்பெயர் தமிழ் வகுப்பறையும்: பீட்டர் எல்போவின் கோட்பாடு – ஒரு மதிப்பீடு

முன்னுரை

புலம்பெயர் நாடுகளின் தமிழ் வகுப்புகளில், தயங்காமல் பேசும் மாணவர்கூட எழுதுகோலை எடுத்ததும் தயங்குவதுண்டு. அத்தயக்கத்தைப் போக்கும் வழிகளுள் ஒன்றாகத் தடையிலா எழுத்து முன்வைக்கப்படுகிறது. குறித்த நேரம் முடியும்வரை நிறுத்தாமலும் திருத்தாமலும் எழுதிச் செல்வதே இப்பயிற்சி. இதன் அடிப்படையையும், தமிழ்ச் சூழலில் இதன் எல்லையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்போவின் கோட்பாடு

அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973இல் வெளியிட்ட 'ரைட்டிங் விதவுட் டீச்சர்ஸ்' என்னும் நூல் இப்பயிற்சியைப் பரவலாக அறியச் செய்தது. ஹார்வர்டில் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கிய எல்போ, எழுத இயலாத நிலையில் அதைக் கைவிட்டவர். பின்னர் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். எழுதுவோரின் அச்சத்தை அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார். எழுதும்போதே திருத்துவது எழுத்தை முடக்கிவிடும் என்பது அவரது முதன்மைக் கருத்து. பத்து நிமிடம், வாரம் மூன்று முறையேனும் எழுத வேண்டும். எதுவும் தோன்றவில்லையெனில் அதையே எழுதலாம். அவ்வெழுத்தை எவரும் மதிப்பிடலாகாது. எனினும், அதே நூல் இறுதியில் இரக்கமின்றி வெட்டித் திருத்துவதையும் வலியுறுத்துகிறது. எல்போ ஆக்கத்தையும் திருத்தத்தையும் காலத்தால் பிரித்தாரே அன்றித் திருத்தத்தை விலக்கவில்லை.

டெல்பிட்டின் மறுப்பு

எழுதும் நடைமுறைக்கு முதன்மை தந்த கற்பித்தல் முறைகளை லிசா டெல்பிட் 1986இல் 'ஹார்வர்ட் எஜுகேஷனல் ரிவ்யூ' இதழில் கேள்விக்குள்ளாக்கினார். கறுப்பின மாணவரிடம் சரளம் ஏற்கெனவே உண்டு; அவர்களுக்குக் கிடைக்காதது கல்வியுலகம் ஏற்கும் மொழியின் விதிகளே என்பது அவரது வாதம். அவ்விதிகளை வீட்டிலேயே பெற்றவர்க்குச் சரளப் பயிற்சி போதுமானதாகலாம், ஏனையோர்க்குப் போதாது.

தமிழ்ச் சூழல்

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வெகுவாக விலகி நிற்பதால் இவ்விவாதம் தமிழில் மேலும் கூர்மை பெறுகிறது. ஒரு மாணவர் 'அம்மா பேசிட்டு இருந்தாங்க' என எழுதுவதாகக் கொள்ளலாம். உடனே அதன்மேல் சிவப்பு மை படிந்தால், தாயிடம் கற்ற மொழியே பிழை என்று அவர் எண்ணக்கூடும். அடுத்த முறை, பிழை வராத நான்கைந்து தொடர்களுக்குள் ஒதுங்கிக்கொள்வார். இங்கு எல்போவின் முறை பயன் தரும். ஆனால் 'பேசிக்கொண்டிருந்தார்கள்' என்னும் வடிவம் அவருக்குக் கற்பிக்கப்படாமலே போனால், தமிழ் நூல்கள் அவருக்கு எட்டாதவையாகிவிடும். டெல்பிட்டின் எச்சரிக்கை இவ்விடத்தில் பொருந்துகிறது.

வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் மாணவரின் நிலை வேறு. தடையிலா எழுத்து, மனத்தில் ஓடும் மொழி ஒன்று உண்டு எனக் கருதிக்கொள்கிறது. அம்மொழி தமிழாக இல்லாதபோது பத்து நிமிடத் தமிழெழுத்து விடுதலையாக அமையாது. மற்றுமொரு தேர்வாகவே அமையும். சிங்கப்பூரில் 2005இல் நடைபெற்ற தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளித்ததன் தேவை இங்கு விளங்கும். இத்தகையோர்க்கு முதலில் உரையாடலும், எழுதும்போது இடையிடையே ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தும் உரிமையும் வேண்டும்.

முடிவுரை

தடையிலா எழுத்து தொடக்கமே, முழுப் பாடமன்று. மதிப்பெண்ணின்றி எழுதியவற்றிலிருந்து மாணவர் தாமே ஒரு பத்தியைத் தேர்ந்து, ஆசிரியர் துணையுடன் எழுத்து வழக்கிற்கு மாற்றலாம். முதல் வடிவத்தை அடித்துவிடாமல், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். தம் மொழி அழிக்கப்படாமலேயே மற்றொரு வடிவத்தையும் ஆள முடியும் என்று மாணவர் உணர்வதே நிலைத்த தன்னம்பிக்கையாகும்.